விற்றுப்போன பாயும் பழைய அல்வா விலையும்

பதில் நீளமானது என்பதால் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு கடை. அல்வா, கருப்பட்டி, பத்தமடைப் பாய், காருகுறிச்சி மண்பாண்டம் எல்லாவற்றையும் இணையத்தில் விற்கிறது. தளம் ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் இணையதளம் எழுத உதவும் கட்டமைப்பு) எழுதியது, தரவுத்தளம் போஸ்ட்கிரஸ், அடிக்கடி கேட்கும் தகவலின் பிரதியை வேகத்துக்காக வைத்திருக்கும் கேச் நினைவகமாக ரெடிஸ். நெய் விலை ஏறும்போது கடைக்கார அண்ணாச்சி அல்வா விலையை மாற்றுகிறார். சிலருக்குப் புதிய விலை தெரிகிறது, சிலருக்குப் பழைய விலை. விற்றுப்போன பாய் மறுநாளும் ‘இருப்பில் உள்ளது’ என்று நிற்கிறது. இரண்டாவதாக ஒருவர் அதற்குப் பணமும் கட்டிவிட்டார். ரெடிஸை முழுவதும் காலி செய்தால் சரியாகிறது, கொஞ்ச நாளில் மறுபடியும் அதே கதை. தினமும் நள்ளிரவில் தானாகக் காலியாகும்படி கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் வசதி) போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

போடாதீர்கள். நள்ளிரவில் காலி செய்வதால் காலை பத்து மணிக்கு முளைக்கும் தவறு போகாது. எந்தப் பிரதி பழையது, எப்போதிலிருந்து பழையது என்ற தடயம்தான் அழிந்துபோகும். உள்நுழைவு செஷன்களையும் அதே ரெடிஸில் வைத்திருந்தால் வாடிக்கையாளர்கள் அனைவரும் வெளியே தள்ளப்படுவார்கள், பாதி நிரப்பிய கூடையும் காணாமல் போகும். தீபாவளிக்கு முந்தின வாரம் பகலில் இதைச் செய்தால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும்: கேச் வெறுமையாகக் கிடக்க, வருகிற அத்தனை பேரின் கோரிக்கையும் ஒரே நேரத்தில் தரவுத்தளத்தின் மேல் விழும். அப்போது விலை பழையதா புதியதா என்ற கேள்விக்கே இடமிருக்காது, பக்கமே திறக்காது.

முதலில் இரண்டு புகார்களையும் பிரித்துவிடுங்கள். பழைய விலை தெரிவது கேச் கோளாறு. ஒரே பாயை இருவருக்கு விற்றது கேச் கோளாறு அன்று. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியதால்தான் ரெடிஸ் மீது இவ்வளவு கோபம் வந்திருக்கிறது.

பாயை முதலில் பார்ப்போம், பணம் போவது அங்கேதான். பத்தமடைப் பாயில் இருப்பு எண் எப்போதும் ஒன்று. கோரையைக் கீறி, தண்ணீரில் ஊறப்போட்டு, சாயமேற்றி, கையால் நெய்கிறார்கள். மெல்லிய பட்டுப்பாய் என்றால் வாரக்கணக்கில் ஆகும். மணமக்கள் பெயர் நெய்தது என்றால் கேட்கவே வேண்டாம். அல்வா தீர்ந்தால் இன்னொரு சட்டி கிண்டிக்கொள்ளலாம்; பாயை அப்படி எடுத்துக்கொடுக்க முடியாது.

நாளையே ரெடிஸைத் தூக்கி எறிந்தாலும் இந்தத் தவறு நடக்கும். வாடிக்கையாளரின் கைப்பேசியில் திறந்திருக்கும் பக்கமே ஒரு பிரதிதான். மும்பை தாராவியில் இருக்கும் நெல்லைக்காரர் ஒருவர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டில் கேட்கிறார். கால் மணி நேரம் கழித்துப் பொத்தானை அழுத்துகிறார். அதற்குள் மேலப்பாளையத்தில் ஒருவர் வாங்கி முடித்துவிட்டார். தாராவித் திரையில் ‘இருப்பில் உள்ளது’ என்பது இப்போது பொய். எந்தக் கேச் உத்தியாலும் அதைத் தடுக்க முடியாது, தடுக்க வேண்டியதும் இல்லை. பொத்தானை அழுத்திய நொடியில் தரவுத்தளத்தைக் கேட்டால் போதும்.

கேட்கும் விதத்தில்தான் உங்கள் நிரல் சறுக்குகிறது. பொருளை எடுத்து, இருப்பு பூஜ்யத்துக்கு மேலே இருக்கிறதா என்று பைத்தானில் பார்த்து, ஒன்றைக் கழித்துச் சேமிக்கிறீர்கள். இரண்டு கோரிக்கைகள் ஒரே சமயத்தில் வந்தால் இரண்டும் ‘ஒன்று’ என்று படிக்கும், இரண்டும் ‘பூஜ்யம்’ என்று எழுதும், இரண்டு பேருக்கும் நன்றி சொல்லும். அதற்குப் பதிலாக ஒரே அப்டேட் கட்டளையாக எழுதுங்கள்: இந்த எண்ணுள்ள பொருளின் இருப்பில் ஒன்றைக் குறை, ஆனால் இருப்பு பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் மட்டும். ஜாங்கோவில் நிபந்தனையை ஃபில்டரில் வைத்து, கழித்தலைத் தரவுத்தளமே செய்யும்படி எஃப் எக்ஸ்பிரஷனாகக் கொடுக்க வேண்டும். மாறிய அட்டவணை வரிசைகளின் எண்ணிக்கை திரும்ப வரும். ஒன்று என்றால் பாய் இவருக்கு. பூஜ்யம் என்றால் யாரோ முந்திக்கொண்டார். இருவர் ஒரே நேரத்தில் வந்தாலும் போஸ்ட்கிரஸ் அந்த வரிசையைப் பூட்டி ஒருவரைக் காக்கவைக்கும். முதலாமவரின் மாற்றம் கமிட் ஆனதும் (நிரந்தரமாகப் பதிவானதும்) இரண்டாமவருக்காக நிபந்தனையை மறுபடி சோதிக்கும். கூடவே, இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று அட்டவணையிலேயே ஒரு செக் கட்டுப்பாடு போட்டுவைத்தால், நாளை வேறு யாராவது எழுதும் நிரலிலிருந்தும் அது காப்பாற்றும்.

பணம் கட்டும் இடைவெளிக்கு ஒரு தற்காலிக ஒதுக்கீடு வேண்டும். பணப் பக்கத்துக்கு அனுப்பும் முன்பே இருப்பைக் குறைத்து, ‘இன்னாருக்காக, இன்ன நேரம் வரை’ என்று ஓர் அட்டவணையில் எழுதுங்கள். பதினைந்து நிமிடத்தில் பணம் வரவில்லையென்றால் பாய் அலமாரிக்குத் திரும்பட்டும். அதன் பிறகு பணம் வந்து சேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்: பாய் இன்னும் இருந்தால் கொடுப்பது, இல்லையென்றால் பணத்தைத் திருப்புவது. விலைக்கும் இதே நியாயம்தான். ஆர்டர் பதிவாகும் நேரத்தில் தரவுத்தளத்திலிருந்து விலையைப் படித்து, ஆர்டரின் பதிவிலேயே அந்தத் தொகையை எழுதிவைக்க வேண்டும். திரையில் அவர் பார்த்த விலையும் இதுவும் வேறுபட்டால், பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கூடுதலாக எடுத்தால் அண்ணாச்சிதான் தொலைபேசியில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி விலைக் கோளாறு. ரெடிஸ் ஒன்றுதான் கேச் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் தளத்துக்கும் வாடிக்கையாளர் கண்ணுக்கும் நடுவே அதே விலை நாலைந்து இடங்களில் பிரதியாக உட்கார்ந்திருக்கலாம்: உலாவி, சிடிஎன் (ஊருக்கு ஊர் பிரதி வைத்துப் பக்கத்தைத் தரும் சர்வர் வலை), தளத்துக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ், கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லும் ஒவ்வொரு வொர்க்கர் புராசஸின் சொந்த நினைவகம், பிறகு ரெடிஸ். எது பழையது என்பதை அறிகுறியே பெரும்பாலும் சொல்லிவிடும்.

பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தால் ஒருமுறை புதிய விலை, ஒருமுறை பழைய விலை என்று மாறி மாறி வருகிறதா? சந்தேகப்பட வேண்டியது வொர்க்கர்களின் நினைவகம். கேச் அமைப்பு எதுவும் எழுதாவிட்டால் ஜாங்கோ எடுத்துக்கொள்ளும் இயல்பான வகை, ஒவ்வொரு புராசஸுக்கும் தனித்தனிப் பிரதி வைப்பது. நான்கு வொர்க்கர்கள் ஓடினால் நான்கு உண்மைகள். பைத்தானின் எல்ஆர்யூ கேச் அலங்காரியை (ஃபங்ஷனின் விடையை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லும் குறிப்பு) ஒரு ஃபங்ஷன் தலையில் மாட்டியிருந்தாலும் இதே நிலைதான். அதற்குக் காலாவதியே கிடையாது, வொர்க்கரை மறுதொடக்கம் செய்யும் வரை பிடித்த பிடியை விடாது. ‘சர்வரை மறுதொடக்கம் செய்தால் சரியாகிறது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

பாளையங்கோட்டையில் புதிய விலை, மும்பையில் பழைய விலை என்றால் சிடிஎன்னைப் பாருங்கள். ஊருக்கு ஊர் வேறு வேறு முனையில் பிரதி இருக்கும். கர்ல் கட்டளையால் பக்கத்தோடு வரும் ஹெட்டர்களை (குறிப்பு வரிகளை) மட்டும் வாங்கிப் பார்த்தால் ‘ஏஜ்’ என்ற ஹெட்டரில் அந்தப் பிரதியின் வயது நொடிக்கணக்கில் இருக்கும். ஒரே ஒருவருக்கு மட்டும் பழையது, மறைநிலைச் சாளரத்தில் திறந்தால் புதியது என்றால் அவருடைய உலாவி. எல்லா ஊரிலும் எல்லோருக்கும் பழையது, மறுதொடக்கத்துக்கும் அசையவில்லை என்றால்தான் ரெடிஸ்.

இதில் ஒரு கண்ணி உங்கள் நிரலிலேயே இருக்கிறது. பொருள் பக்கத்துக்கு கேச் பேஜ் அலங்காரியைப் போட்டுப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறீர்கள். அது ரெடிஸில் மட்டும் பக்கத்தை வைப்பதில்லை. மறுமொழியின் ஹெட்டரில் ‘மேக்ஸ்-ஏஜ்’ எழுதி, உலாவியையும் அதே பதினைந்து நிமிடம் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. நீங்கள் ரெடிஸைக் காலி செய்யலாம். திசையன்விளையில் ஒருவர் கையிலிருக்கும் போனை எப்படிக் காலி செய்வீர்கள்? ‘சிலருக்கு மட்டும் பழையது’ என்ற உங்கள் புகாரில் ஒரு பங்கு இதற்குச் சேரும். அந்தப் பிரதியின் சாவியும் (கேச்சில் அதைத் தேடும் பெயர்) பக்கத்தின் முகவரியிலிருந்து ஹாஷ் செய்து (அடையாளம் தெரியாத எழுத்துத்தொடராக மாற்றி) உருவாக்கப்படுவதால், ஒரு பக்கத்தை மட்டும் தேடி அழிப்பதும் எளிதன்று. விலை காட்டும் பக்கங்களிலிருந்து அந்த அலங்காரியை இன்றே எடுத்துவிடுங்கள். ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் தாராளமாக இருக்கட்டும்.

அதற்குப் பதிலாக விலைப் பக்கங்களுக்கு ‘நோ-கேச்’ என்று அனுப்பலாம். பெயரைப் பார்த்துப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உலாவி வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்டுவிட்டுத்தான் காட்ட வேண்டும் என்பதே அதன் பொருள். வைத்துக்கொள்ளவே கூடாது என்பதற்கு ‘நோ-ஸ்டோர்’. கூடை, முகவரி, ஆர்டர் வரலாறு ஆகிய பக்கங்களுக்கு ‘பிரைவேட்’டும் ‘நோ-ஸ்டோர்’உம் சேர்ந்து போக வேண்டும். ஒருவர் கூடை இன்னொருவர் திரையில் தெரிந்தால் அது பழைய விலையைவிட நூறு மடங்கு கெட்ட செய்தி.

ரெடிஸுக்குள் இருக்கும் பிரதி ஏன் பழையதாகிறது என்பதுதான் உண்மையான கேள்வி. பொருளைச் சேமித்தபின் வரும் போஸ்ட் சேவ் சிக்னலில் சாவியை அழிக்கிறீர்கள். பார்வைக்குச் சரி. ஆனால் ஜாங்கோ அட்மினில் (நிர்வாகப் பக்கத்தில்) சேமிக்கும் செயல் ஒரு தரவுத்தளப் பரிவர்த்தனைக்குள் (முழுதாக முடிந்தால்தான் பதிவாகும் மாற்றத் தொகுப்பு) நடக்கிறது. சிக்னல் வருவது கமிட் ஆவதற்கு முன்பு. சாவி அழிந்த அந்தக் கணத்தில் ஒரு வாடிக்கையாளர் பக்கத்தைத் திறந்தால், கேச்சில் இல்லை என்று நிரல் தரவுத்தளத்துக்குப் போகும். புதிய விலை இன்னும் கமிட் ஆகாததால் பழைய விலையே கிடைக்கும். அதை எடுத்துவந்து ரெடிஸில் பத்திரமாக வைத்துவிடும். அதன் பிறகு கமிட் ஆகிறது. இனி அந்தச் சாவியை அழிக்க யாரும் வரமாட்டார்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் இது கண்ணில் படாது. கூட்டம் கூடக் கூட அடிக்கடி நடக்கும். உங்கள் கணினியில் சோதித்தபோது ஒருமுறைகூட வராததற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

தீர்வு ஒரு வரி. ஜாங்கோ 1.9இலிருந்தே ‘ஆன் கமிட்’ என்ற வசதி இருக்கிறது. சாவியை அழிக்கும் ஃபங்ஷனை அதனிடம் ஒப்படைத்தால், கமிட் வெற்றியான பிறகுதான் அது ஓடும். பரிவர்த்தனை ரத்தானால் ஓடவே ஓடாது.

இரண்டாவது சந்தேகம், அண்ணாச்சி நெய் விலை ஏறும்போது பயன்படுத்தும் எக்செல் இறக்குமதி. அதில் குவெரிசெட்டின் (வினவலில் கிடைக்கும் பொருள்களின் தொகுப்பு) அப்டேட்டைப் பயன்படுத்தி எல்லா அல்வா வகைகளின் விலையையும் ஒரே வீச்சில் மாற்றுகிறீர்கள். அப்படி மாற்றினால் சேவ் அழைக்கப்படாது, சிக்னலும் வராது. பல்க் அப்டேட்டும் அப்படியே. பிஜிஅட்மின் என்ற தரவுத்தளக் கருவியில் நேரே ஒரு வரிசையைத் திருத்தினால் ஜாங்கோவுக்குத் தெரியவே தெரியாது. ஒற்றைப் பொருளை அட்மினில் மாற்றினால் பெரும்பாலும் சரியாகவும், மொத்தமாக மாற்றினால் எப்போதும் தவறாகவும் வருகிறது என்றால் இதுதான் ஆள். விலை மாற்றத்துக்கென்று ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். அட்மினும் இறக்குமதியும் அதன் வழியாகவே போகட்டும். எந்தெந்தப் பொருள் எண்கள் மாறின என்று தெரிந்து, கமிட்டுக்குப் பின் அத்தனை சாவிகளையும் அதுவே அழிக்கட்டும்.

இறக்குமதி நிரல் தனி அமைப்புக் கோப்புடன் ஓடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அங்கே கேச்சின் சாவி முன்னொட்டு தளத்தின் முன்னொட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஜாங்கோ நீங்கள் கொடுக்கும் சாவியை அப்படியே எழுதுவதில்லை. முன்னொட்டும் பதிப்பு எண்ணும் சேர்த்தே எழுதும். முன்னொட்டு வேறாக இருந்தால் அழிப்பு கட்டளை இல்லாத சாவியை அழித்துவிட்டு, பிழை எதுவும் சொல்லாமல் திரும்பிவிடும். ரெடிஸ் கட்டளைச் சாளரத்தில் உங்கள் சாவியைத் தேடி ‘இல்லை’ என்று வந்தால் அதற்கும் இந்த முன்னொட்டு காரணமாக இருக்கலாம். தேடும்போது கீஸ் கட்டளை வேண்டாம், அது முடியும் வரை ரெடிஸ் வேறு யாருக்கும் பதில் சொல்லாது, ஸ்கேன் போதும். சாவி கிடைத்ததும் டிடிஎல் (காலாவதிக்கு எத்தனை நொடி மிச்சம் என்பது) கேளுங்கள். -1 வந்தால் அந்தப் பிரதிக்குக் காலாவதியே இல்லை. யாரோ ‘டைம்அவுட் நன்’ என்று எழுதியிருக்கிறார்கள். எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால் ஜாங்கோ 300 நொடி கொடுத்திருக்கும்.

அடுத்தது, ஒரே விலை பல சாவிகளில் கிடப்பது. பொருள் பக்கம், இனிப்பு வகைப் பட்டியல், முகப்புப் பக்கம், தேடல் முடிவு எல்லாவற்றிலும் அந்த ஒரு எண் இருக்கிறது. நீங்கள் அழிப்பது முதலாவதை மட்டும். பட்டியல்களின் சாவிகளை ஒவ்வொன்றாகத் தேடி அழிப்பது முடிவில்லாத வேலை. பக்க எண், வரிசைப்படுத்தும் முறை, வடிகட்டி என்று பெருகிக்கொண்டே போகும். வகைக்கு ஒரு பதிப்பு எண் வைத்து, அந்த எண்ணைப் பட்டியல் சாவியின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள். இனிப்பு வகையில் எது மாறினாலும் கமிட்டுக்குப் பின் எண்ணை ஒன்று கூட்டினால் போதும். பழைய பட்டியல்களை இனி யாரும் கேட்கமாட்டார்கள், காலாவதியாகித் தாமாகப் போய்விடும். பட்டியல்களில் முழு விவரத்தையும் வைக்காமல் பொருள் எண்களை மட்டும் வைப்பது இன்னும் நல்ல பழக்கம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு மெல்லிய சந்து மிச்சமிருக்கும். ஒரு கோரிக்கை தரவுத்தளத்திலிருந்து பழைய விலையைப் படித்துவிட்டு, ரெடிஸில் எழுதும் முன் சற்றுத் தாமதிக்கிறது. அந்த நேரத்தில் விலை மாறி, கமிட் ஆகி, சாவியும் அழிக்கப்படுகிறது. பிறகு இந்தச் சோம்பேறிக் கோரிக்கை வந்து பழையதை எழுதிவிட்டுப் போகிறது. ஃபேஸ்புக் பொறியாளர்கள் தங்கள் மெம்கேஷ் அமைப்பைப் பற்றி 2013இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதற்கு ‘லீஸ்’ என்ற உத்தியை விவரித்திருக்கிறார்கள்: கேச்சில் இல்லாதபோது ஒரு சீட்டு வழங்கப்படும், நடுவில் அழிப்பு நடந்தால் சீட்டு செல்லாது, செல்லாத சீட்டோடு எழுத முடியாது. பாளையங்கோட்டைக் கடைக்கு அது தேவையில்லை. எல்லாப் பிரதிக்கும் ஒரு குறுகிய காலாவதி வைத்தால், இந்தச் சந்தில் நுழைந்த பழைய விலை அந்த நேரத்தோடு ஒழிந்துவிடும். விலைக்கு ஒரு நிமிடம், பொருளின் விவரணைக்கும் படத்துக்கும் ஒரு நாள், பாய்களின் இருப்புக்குக் கேச்சே வேண்டாம். எண்களை அண்ணாச்சியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பழைய விலை எவ்வளவு நேரம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்பது வியாபாரக் கேள்வி, அதற்கு நிரலாளர் தனியாகப் பதில் சொல்லக் கூடாது. ஒன்று மட்டும்: மாற்றும்போது ரெடிஸில் புதிய விலையை எழுத முயலாதீர்கள், அழிப்பதோடு நிறுத்துங்கள். இருவர் அடுத்தடுத்து மாற்றினால் எழுதும் வரிசை முன்பின்னாகி, பழைய விலை கேச்சில் நின்றுவிடும்.

படிப்பதற்கென்று தனியாகப் போஸ்ட்கிரஸ் நகல் சர்வர் வைக்கும் யோசனை இருந்தால் இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். நகல் சில நொடி பின்தங்கியிருக்கும்போது கேச்சை அதிலிருந்து நிரப்பினால், சரியாக அழித்த சாவியிலும் பழைய விலை வந்து உட்காரும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சில நூறு பொருள்கள் உள்ள தளத்துக்குப் பொருள் விவரத்தைக் கேச்சில் வைப்பதே தேவையா என்று எனக்குச் சந்தேகம். எண்ணைக் கொடுத்து ஒரு வரிசையைக் கேட்டால் போஸ்ட்கிரஸ் கண்சிமிட்டும் நேரத்துக்கு முன்பே தந்துவிடும்; அடிக்கடி கேட்கும் தரவுப் பக்கங்களை அதுவே தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது, அந்த நினைவகம் ஒருபோதும் பழைய விலையைச் சொல்லாது. பட்டியல் பக்கம் மெதுவாக இருந்ததால் கேச் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் அதன் வகையைத் தனி வினவலாகக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். வகையையும் ஒரே வினவலில் எடுத்துவரும் செலக்ட் ரிலேட்டட் சேர்த்து, வடிகட்டும் நெடுவரிசைக்கு இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அகராதி) போட்டு, வினவல் எங்கே நேரம் எடுக்கிறது என்று காட்டும் எக்ஸ்பிளைன் அனலைஸ் ஓட்டிப் பாருங்கள். வேகம் போதுமென்றால் அந்தக் கேச்சை நீக்கிவிடலாம்.

திருத்தியதைச் சோதிக்க இரண்டு கட்டளைச் சாளரங்கள் போதும். ஒன்றில் ஜாங்கோ ஷெல்லில் பரிவர்த்தனை தொடங்கி, ஒரு பொருளின் விலையை மாற்றிச் சேமித்துவிட்டு, முடிக்காமல் அப்படியே நிறுத்துங்கள். மற்றதில் பொருள் பக்கத்தைக் கேளுங்கள். பிறகு முதல் சாளரத்தில் பரிவர்த்தனையை முடித்து, இரண்டாவதில் மறுபடி கேளுங்கள். இப்போதுள்ள நிரலில் பழைய விலை ஒட்டிக்கொண்டு நிற்கும்; ஆன் கமிட் போட்ட பிறகு நிற்காது. அழிப்பு கட்டளை திருப்பித் தரும் விடையையும் சாவியின் பெயரோடு பதிவேட்டில் எழுதிவையுங்கள். கேச்சில் இருக்க வேண்டிய சாவிக்கு ‘அழிக்க எதுவும் இல்லை’ என்று வருமானால், முன்னொட்டை மறுபடியும் பாருங்கள்.